தெளிய எவ்வளவு நேரம் ஆகும்?

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தொட்டிகள்தான். அவற்றில் நிரம்பி நிற்பது மாவுப்பால். மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, தண்ணீர் விட்டு அரைத்து, சல்லடையில் திப்பியைப் பிரித்த பிறகு இறங்கி வரும் வெள்ளை நீர் அது. தொட்டியை நிரப்பியவர்கள் அதன்பின் அதைத் தொடுவதில்லை. கலக்குவதில்லை, சூடேற்றுவதில்லை. ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் சும்மா விட்டுவிடுகிறார்கள். பிறகு வந்து மேல்நீரைத் திறந்துவிட்டால், மண்வெட்டியால் வெட்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக மாவு அடியில் உட்கார்ந்திருக்கும். அதன் மேல்முகத்தில் மட்டும் லேசாக மஞ்சள் படிந்திருக்கும். நார்த்துணுக்கும் புரதமும் கலந்த அந்த அழுக்கை வழித்துத் தள்ளிவிட்டு, கீழே உள்ள வெள்ளை மாவை மறுபடி தண்ணீரில் கரைத்து, மறுபடி படிய விடுவார்கள். ஈரம் வடிந்த மாவைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினால் குருணை குருணையாகத் திரளும். அதைச் சலித்து, சூடான தகட்டில் வறுத்து, களத்தில் காய வைத்தால் ஜவ்வரிசி.

இந்தத் தொழில் சேலத்துக்கு வந்தது 1943ஆம் ஆண்டுவாக்கில். இரண்டாம் உலகப் போரால் மலேயா பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோன காலம். அந்தத் தட்டுப்பாட்டில்தான் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் வேலை குடிசைத் தொழிலாக இங்கே தொடங்கியது. 1981இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை பெரிய தொழிலின் நடுவில் இருப்பது ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் சில வரிகளில் முடிந்துவிடுகிற ஒரு முறை: கலங்கல் நீரை அசையாமல் வைத்து, கனமானது அடியில் படிந்தபின், மேலே தெளிந்ததை அலுங்காமல் இறுத்துவிடுவது.

வடிகட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். துணியின் கண்ணைவிடச் சிறிய துகள் துணியோடு நிற்காது. கண்ணைச் சிறிதாக்கினால் நாலு குடம் ஊற்றுவதற்குள் அது அடைத்துக்கொள்ளும். பிறகு அழுத்தம் கொடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். தெளிய வைப்பதில் அடைத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை, தேய்ந்துபோகவும் ஒன்றுமில்லை. பூமியின் ஈர்ப்பு விசை கூலி கேட்காமல் வேலை செய்கிறது. இதற்கு ஆகும் ஒரே செலவு நேரம்தான். அந்த நேரத்தைக் குறைக்க மனிதர்கள் செய்த வேலைகளின் கதை, சுத்திகரிப்பு நிலையம் முதல் ரத்தப் பரிசோதனைக் கூடம் வரை நீள்கிறது.

வீட்டில் தினமும் இது நடக்கிறது. புளியைக் கரைத்துச் சற்றுநேரம் வைத்து, மண் அடியில் தங்கியபின் மேல்கரைசலை மட்டும் குழம்பில் சேர்க்கிறார்கள். வெல்லத்தைக் கரைத்தாலும் அப்படித்தான். நெய் உருக்கினால் கசண்டு அடியில் நின்றுவிடும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அரிசியில் கல் நீக்கவென்றே உட்புறம் வரிவரியாகக் கீறிய அரிக்கன்சட்டி உண்டு. தண்ணீரோடு சட்டியைச் சுழற்ற, அரிசி மேலெழுந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் வரியில் சிக்கி அடியில் நிற்கும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைச் சில நாள் வெயிலில் வைத்துவிட்டு, அடியில் மண்டி தங்க, மேலே தெளிந்த எண்ணெயை ஊற்றி எடுப்பதும் இதே வேலைதான்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். புளிக்கு ஐந்து நிமிடம் போதும். மாவுக்கு எட்டு மணி நேரம் ஆகிறது. எண்ணெய்க்குச் சில நாள் ஆகிறது. ஏன்?

இதற்கு விடை சொன்னவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அயர்லாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். திரவத்துக்குள் விழும் ஒரு சிறு உருண்டையை அந்தத் திரவம் எவ்வளவு தடுக்கும் என்பதை அவர் 1851இல் வெளியான ஆய்வில் கணக்கிட்டார். அதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. துகளுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு கூடினால் வேகம் கூடும். திரவத்தின் பாகுநிலை கூடினால் வேகம் குறையும். மூன்றாவது அம்சம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: வேகம் துகளின் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். துகள் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால், அது விழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆற்றுநீர் நிரப்பிய ஒரு குடத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்மணல் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும்; அரை நிமிடத்தில் அடியைத் தொட்டுவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள வண்டல் துகளுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். அதிலும் பத்தில் ஒரு பங்கான களிமண் துகளுக்கு மூன்றரை நாள் வேண்டும். இன்னும் ஒரு படி சிறியதாகப் போனால் கணக்கு ஒரு வருடத்தைத் தொடும். புதுவெள்ளம் வந்த ஆற்றில் மொண்ட தண்ணீர் ஒரு மணி நேரத்தில் பாதி தெளிந்து, மீதி செந்நிறம் மட்டும் மறுநாளும் போகாமல் நிற்பதன் காரணம் இதுதான்.

சேகோ தொட்டிக்கும் இதே கணக்கு பொருந்துகிறது. மரவள்ளி மாவுமணி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு என்ற அளவில் இருக்கும். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்தால், நடுத்தர மணிக்கு நாலு மணி நேரமும் சிறிய மணிக்கு ஒன்பது மணி நேரமும் விடையாக வருகிறது. ஸ்டோக்ஸின் சூத்திரத்தைக் கேள்விப்படாமலேயே தொழிலாளர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஆறு, எட்டு மணி நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இது வியந்து பாராட்ட வேண்டிய விஷயம்.

எண்ணெயை ஏன் வெயிலில் வைக்கிறார்கள் என்பதும் இப்போது புரியும். நல்லெண்ணெயின் பாகுநிலை சாதாரண வெப்பத்தில் தண்ணீரைப் போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு. அதே மண்டித் துகள் அதில் அத்தனை மெதுவாகத்தான் இறங்க முடியும். வெயிலில் சூடேறும்போது எண்ணெய் இளகுகிறது, துகள் சீக்கிரம் இறங்குகிறது. எண்ணெயில் தங்கிய ஈரமும் போகிறது. தண்ணீரில்கூட இந்த வித்தியாசம் உண்டு. 20 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 35 பாகையில் துகள்கள் நாற்பது சதவீதம் வேகமாகப் படியும்.

சரி, வருடக்கணக்கில் காத்திருந்தால் எல்லாமே படிந்துவிடுமா? படியாது. மிக நுண்ணிய துகள்களை நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடைவிடாமல் மோதி அலைக்கழித்துக்கொண்டே இருக்கும். விழ வைக்கும் ஈர்ப்பும் கலைத்துவிடும் மோதலும் ஒரு கட்டத்தில் சமமாகிவிடும். பிரான்ஸின் ழான் பெரான் 1908இல் இதை நுண்ணோக்கியின் கீழ் எண்ணிப் பார்த்தார். நம் ஊர்க் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் மஞ்சள் பிசினை அவர் எடுத்துக்கொண்டார். மாதக்கணக்கில் சுழற்றிச் சுழற்றிப் பிரித்து, ஒரே அளவுள்ள நுண்மணிகளை அதிலிருந்து சேர்த்தார். அவற்றை நீரில் விட்டு, எந்த உயரத்தில் எத்தனை மணிகள் நிற்கின்றன என்று எண்ணினார். உயரம் போகப் போகக் காற்று மண்டலம் எந்த விதிப்படி மெலிகிறதோ, அதே விதிப்படி மணிகளும் குறைந்தன. அந்த எண்ணிக்கையிலிருந்து, ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்று சொல்லும் அவோகாட்ரோ எண்ணைக் கணக்கிட்டார். அணு என்பது வெறும் கற்பனை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பலர் அதன்பின் மனம் மாறினர். 1926இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெரானுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு வேதியியல் பரிசு பெற்றவர் ஸ்வீடனின் தியோடோர் ஸ்வெட்பெரி. படிய மறுக்கும் துகள்களையும் அதிவேகச் சுழற்சியால் படிய வைக்கும் கருவியை உருவாக்கியவர் அவர். ஒரே ஆண்டின் இரண்டு நோபல் பரிசுகள் கலங்கலைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குப் போயின.

நேரத்தைக் குறைக்க முதல் வழி, துகளைப் பெரிதாக்குவது.

களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின் சுமை இருக்கிறது. எல்லாத் துகளிலும் ஒரே வகைச் சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டாது. அந்தச் சுமையைத் தணித்துவிட்டாலோ, துகள்களைக் கோத்துப் பிடிக்க நடுவில் ஏதாவது ஒரு பாலம் கிடைத்தாலோ அவை திரண்டு பெரிய திரளையாகும். விட்டம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்காக வேண்டும். திரளைக்குள் நீரும் சேர்ந்திருப்பதால் அந்த அளவுக்கு முழுதாகக் கூடாது. ஆனாலும் நாள்கணக்கில் ஆகும் வேலை நிமிடக்கணக்கில் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு மிகப் பழைய மருந்து தேத்தாங்கொட்டை. மண்பானையின் உட்சுவரில் இந்த விதையை நன்றாகத் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், சற்று நேரத்தில் சேறு திரண்டு அடியில் இறங்கும். விதையிலிருந்து கரையும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகள்களைக் கோத்து இழுக்கின்றன. கலித்தொகையின் நெய்தற்கலிப் பாடல் ஒன்று, பிரிவால் கலங்கியிருந்த பெண் மனம் தெளிந்ததை இந்த விதை இட்ட நீர் தெளிவதோடு ஒப்பிடுகிறது. கேட்பவர் அனைவருக்கும் தெரிந்த வழக்கமாக இருந்தால்தான் ஒரு புலவர் அதை உவமையாக்க முடியும். மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையும் நீரைத் தெளிய வைக்கும் பொருள்களில் இதைச் சேர்த்திருக்கிறது. சூடானில் நைல் நதிக்கரைப் பெண்கள் இதே வேலைக்கு முருங்கை விதையை இடித்துப் போட்டார்கள். அதில் உள்ள ஒரு சிறு புரதம் நேர்மின் சுமை கொண்டது. களிமண்ணின் எதிர்மின் சுமையைத் தணித்து ஒட்ட வைக்கிறது. வீட்டுக் கொல்லையில் முருங்கை வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நகரங்களின் குடிநீர் நிலையங்களில் இந்த வேலையைச் செய்வது படிகாரம். அதில் உள்ள அலுமினிய அயனி மூன்று நேர்மின் சுமை கொண்டது. சுமை கூடக்கூட, திரள வைக்கும் ஆற்றல் பல மடங்கு பெருகும் என்பதை 1882இல் ஹான்ஸ் ஷுல்ஸெயும் 1900இல் வில்லியம் பேட் ஹார்டியும் காட்டினார்கள். பின்னால் வந்த கோட்பாட்டுக் கணக்குப்படி, மூன்று சுமை அயனி ஒற்றைச் சுமை அயனியைவிட 729 மடங்கு வலிமையானது. போதாததற்கு, படிகாரம் நீரில் அலுமினிய ஹைட்ராக்சைடு என்னும் கொழகொழப்பான திரளையாக மாறி, இறங்கும் வழியில் அகப்படும் துகள்களையும் வாரிக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில பத்து மில்லிகிராம் போதும்.

இயற்கையும் இதைப் பெரிய அளவில் செய்கிறது. ஆறு சுமந்து வரும் நுண்ணிய களிமண் நன்னீரில் படியாமல் கடல் வரை வந்துவிடும். முகத்துவாரத்தில் உப்புநீரைச் சந்தித்ததும், கடல்நீரின் சோடியம், மெக்னீசியம், கால்சியம் அயனிகள் அதன் சுமையைத் தணிக்கின்றன. களிமண் திரண்டு அங்கேயே இறங்குகிறது. கழிமுகத்துச் சேறு இத்தனை நுண்ணியதாகவும் வழுக்கலாகவும் இருப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

இதே பௌதிகம் ரத்தத்திலும் வேலை செய்கிறது. காய்ச்சல் நீடித்தாலோ மூட்டு வீங்கினாலோ மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ‘ஈஎஸ்ஆர்’ பரிசோதனை, தெளிய வைக்கும் சோதனையே தவிர வேறில்லை. உறையாமல் மருந்து கலந்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்க்கிறார்கள். போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி 1897இல் இதைக் கவனித்து எழுதினார். ஸ்வீடனின் ஃபாரேயுஸும் வெஸ்டர்கிரெனும் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பணுக்களின் மேற்பரப்பிலும் களிமண்ணைப் போலவே எதிர்மின் சுமைதான். அதனால் அவை விலகியே மிதக்கும். உடம்பில் அழற்சி ஏற்பட்டால் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் ரத்தத்தில் கூடுகிறது. அது அந்த விலக்கத்தை மீறி அணுக்களைக் காசுகளை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வைக்கிறது. அடுக்கு பெரிதாக இருப்பதால் சீக்கிரம் இறங்குகிறது, எண் கூடுகிறது. குடத்தில் படிகாரம் செய்யும் வேலையை இங்கே நோய் செய்கிறது.

இரண்டாவது வழி, விழ வேண்டிய தூரத்தைக் குறைப்பது. தொட்டி ஆழமாக இருந்தால் நிறையத் தெளியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் 1904இல் அதைப் புரட்டிப் போட்டார். ஓடிக்கொண்டே தெளியும் தொட்டியில் ஆழத்தை இரட்டித்தால் நீர் உள்ளே தங்கும் நேரம் இரட்டிக்கும். துகள் விழ வேண்டிய தூரமும் இரட்டித்துவிடும். ஆதாயம் எதுவும் இல்லை. எத்தனை அழுக்குப் பிரியும் என்பதைத் தீர்மானிப்பது தொட்டியின் பரப்பளவு.

பரப்பளவைக் கூட்ட நிலம் வேண்டுமே? அதற்கு வழி காட்டியது மறுபடியும் ரத்தம்தான். லண்டனில் நோயியல் பேராசிரியராக இருந்த ஆர்தர் எட்வின் பாய்காட், சாய்த்து வைத்த குழாயில் ரத்தம் நேராக நிற்கும் குழாயைவிட வேகமாகத் தெளிவதைக் கண்டு 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நேர்க்குழாயில் அணு அடிவரை விழ வேண்டும். சாய்ந்த குழாயிலோ, கீழ்ச்சுவரைத் தொட்டாலே போதும். அங்கிருந்து கூட்டமாகச் சறுக்கி இறங்கிவிடும். மேல்சுவரின் ஓரமாகத் தெளிந்த நீர் விரைந்து மேலேறும். இன்று பல குடிநீர் நிலையங்களில் தொட்டிக்குள் சாய்வான தகடுகளையோ குழாய்க் கற்றைகளையோ பதித்திருப்பது இதற்காகத்தான். சிறிய இடத்துக்குள் பெரிய பரப்பு கிடைக்கிறது. மருத்துவக் கூடத்தில் மட்டும் இது தொல்லை. ஈஎஸ்ஆர் குழாய் மூன்று பாகை சாய்ந்து நின்றாலே முடிவு முப்பது சதவீதம் வரை கூடுதலாகக் காட்டிவிடலாம். குழாய்த் தாங்கி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்காத கூடம், நோய் இல்லாதவரையும் கவலைப்பட வைத்துவிடும்.

மூன்றாவது வழி, ஈர்ப்பையே பெருக்குவது. பாலில் வெண்ணெய்க் கொழுப்பு நீரைவிட லேசானது, ஆகவே மேலே மிதந்து வரும். அதற்காக ஓர் இரவு முழுக்கப் பாலை அசையாமல் வைத்திருந்த காலம் உண்டு. 1878இல் ஸ்வீடனின் குஸ்தாஃப் டி லாவால் சுழலும் பாத்திரத்தில் பாலை விட்டு, ஏடும் நீர்ப்பாலும் தனித்தனியாக இடைவிடாமல் ஓடிவரும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். இன்றைய எந்திரங்கள் ஈர்ப்பைப் போலப் பல ஆயிரம் மடங்கு விசையில் பிரிக்கின்றன. இரவெல்லாம் நடந்த வேலை விநாடிகளில் முடிகிறது. சேலத்து ஆலைகளிலும் இத்தகைய எந்திரங்கள் வந்துவிட்டன. அங்கே அவசரத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு: நம் ஊர் வெப்பத்தில் மாவுப்பால் தொட்டியில் அதிக நேரம் நின்றால் நுண்ணுயிர்கள் பெருகிப் புளித்துவிடும், மாவின் வெண்மையும் கெடும்.

படிய வைப்பது பாதி வேலைதான். படிந்ததைக் கலக்காமல் நீரை எடுப்பது மறு பாதி. அவசரமாகச் சரித்தால் எட்டு மணி நேர உழைப்பு ஒரு நொடியில் பாழாகும். அவுரிச் சாயம் காய்ச்சுகிறவர்கள் இதற்கு அழகான ஒரு தீர்வு கண்டார்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் இயற்கை அவுரிச் சாயம் தயாராகிறது. அவுரித் தழையை ஊறவைத்த நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, காற்றுப் படும்படி அடித்துக் கலக்க, அது நீலமாக மாறி நீலத்தூள் படியத் தொடங்கும். பழைய அவுரித் தொட்டிகளின் சுவரில் வெவ்வேறு உயரங்களில் துளையிட்டு அடைப்பான் சொருகியிருப்பார்கள். முதலில் மேல் அடைப்பானைப் பிடுங்குவார்கள். நீர் தெளிவாக வந்தால் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. நீரில் நீலம் தென்பட்ட உடனே நிறுத்திவிடுவார்கள். தொட்டியைச் சாய்க்காமலே இறுத்துவிடும் ஏற்பாடு இது.

நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய நல்கொண்டா முறையிலும் இதே கவனம் தெரிகிறது. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதனால் பல்லில் கறை, எலும்பில் வளைவு. நீரில் கரைந்த ஃபுளோரைடு எத்தனை நாள் வைத்தாலும் படியாது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கும்போது உருவாகும் அலுமினியத் திரளை அதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. வீட்டுக்கென்று சொல்லப்பட்ட அமைப்பு நாற்பது லிட்டர் வாளி ஒன்றுதான். அதன் குழாயை அடிமட்டத்தில் வைக்காமல் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்தினார்கள். அந்த ஐந்து சென்டிமீட்டரில்தான் விஷயமே இருக்கிறது. வாளியில் கடைசியாக நிற்கும் நீரும் சேறும் குடிக்க அல்ல. கிணற்றோரம் கொட்டவும் கூடாது, பிரித்த ஃபுளோரைடு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

தெளிந்த நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் நீர் சுத்தமாகிவிடாது. உப்பும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கரைந்தே நிற்கும். படிந்த சேற்றோடு கிருமிகளில் ஒரு பகுதி போகும். மீதி நீரிலேயே இருக்கும். ஆனாலும் தெளிய வைத்த பிறகு குளோரின் போடுவதற்குப் பலன் அதிகம். கலங்கல் நீரில் துகள்களின் மறைவில் கிருமிகள் தப்பித்துவிடும், குளோரினும் சேற்றிலேயே செலவாகிவிடும். வெள்ளக் காலத்தில் வேறு வழியில்லாமல் கலங்கல் நீரை எடுப்பவர்கள் முதலில் படிய வைத்து, மேல்நீரை மட்டும் இறுத்து, அதன்பின் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

இறுத்துவிட்ட நீர் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். மரவள்ளியில் சயனைடை வெளியிடும் ஒரு சேர்மம் உண்டு. மாவைக் கழுவிக் கழுவிப் படிய வைக்கும்போது அது நீரோடு போய்விடுகிறது; ஜவ்வரிசி உண்ணத் தகுந்ததாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த நீர், புளித்த மாவுக் கழிவோடு ஓடையில் விடப்பட்டபோது ஊர்க் கிணறுகள் நாறின. இப்போது பல ஆலைகள் அதைக் கலன்களில் மூடி நொதிக்க விட்டு, வரும் எரிவாயுவை ஆலைக்கே பயன்படுத்துகின்றன. இதைச் செய்யாத ஆலைகளும் செய்தாக வேண்டும்.

ஆறாம் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரையறையை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் ஏரிக்கரைக் களிமண்ணைக் கரைத்த நீரை நிரப்புங்கள். ஒன்று நேராக நிற்கட்டும், ஒன்று சுவரில் சாய்ந்திருக்கட்டும், மூன்றாவதில் சிறிது படிகாரத்தைக் கரைத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெளிந்த நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டோக்ஸும் பாய்காட்டும் ஷுல்ஸெயும் கண்டதை உங்கள் மாணவர்கள் தாங்களே கண்டுவிடுவார்கள்.